முதல் கண்ணின் எண்ணிக்கை

இந்த அறையில் குளிர் கொஞ்சம் கூடுதல். நாற்காலி முதுகில் ஒரு சால்வை கிடக்கிறது பாருங்கள், எடுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். துவைத்ததுதான். மைக்ராஸ்கோப்புக்காக வைத்திருக்கும் குளிர் இது. மனிதர்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. எனக்கு இருபத்தாறு வருடத்தில் பழகிவிட்டது. உங்களுக்குக் காலையிலிருந்து இருமல் இருக்கிறது, கவனித்துக்கொண்டுதான் வருகிறேன். பிளாஸ்கில் வெந்நீர் இருக்கிறது அம்மா, வெட்கப்படாமல் எடுத்துக் குடியுங்கள்.

மாடியில் கூட்ட அறையிலேயே வாக்குமூலம் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள் உங்கள் விசாரணைக் குழுவினர். நான்தான் இங்கே கேட்டேன். நீங்கள் கையால் எழுதுகிறீர்கள். சொல்வதைக் கண்ணால் பார்த்துவிட்டால் எழுதுவது சுலபம். வேகமாகப் போனால் நிறுத்தச் சொல்லுங்கள்.

என் வேலை எண்ணுவது. படித்துப் பெற்ற வேலை இல்லை. கண்ணாடித் துண்டுகளைக் கழுவத்தான் இந்த மருத்துவமனைக்கு வந்தேன். கழுவக் கொடுத்ததையெல்லாம் கழுவுவதற்கு முன்னால் ஒரு தரம் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிடுவேன். அப்போதிருந்த பெரிய டாக்டர் ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். என்ன தெரிகிறது, சொல்லு என்றார். சொன்னேன். மறுநாளே தொட்டியடியிலிருந்து இந்த மேசைக்கு மாற்றிவிட்டார். அதற்குப் பிறகு இங்கே வந்த படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் எண்ணக் கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

கொஞ்சம் குனிந்து பாருங்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டாம், இந்தத் திருகைத் திருப்பினால் தெளிந்துவிடும். நீல உருண்டை தெரிகிறதா? அது செல்லின் கரு. அதை ஒட்டிப் பச்சையாக இரண்டு புள்ளி, கடுகில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. அதற்குச் சென்ட்ரோசோம் என்று பெயர். செல் இரண்டாகப் பிரிய வேண்டும் என்றால் இந்தப் புள்ளிகள் ஆளுக்கொரு முனைக்குப் போய் நின்றுகொண்டு, நடுவில் இருப்பதைப் பங்குபோட்டு இழுக்கும். அது மட்டும்தான் அதன் வேலை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள்.

இன்னொரு வேலையும் உண்டு. புற்றுநோய்க்கு வைக்கிற கதிர் பட்டால் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழை அறுந்துபோகும். அறுந்த இழையோடு செல் பிரியக் கூடாது. பொறுத்திருந்து, ஒட்டவைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பிரிய வேண்டும். ‘நில்’ என்று தடுக்கிற புரதம் வந்து உட்காருகிற இடம் இந்தப் புள்ளிதான். அது உட்காருவதற்கு அங்கே இடம் பிடித்து வைப்பவை வேறு சில புரதங்கள். சில குடும்பங்களில் அந்த இடம் பிடிக்கிற புரதம் பிறவியிலேயே பழுதாக இருக்கும். ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தலை மட்டும் கொஞ்சம் சிறியதாக இருக்கலாம். ஆனால் கதிர் பட்டால் அவர்களுடைய செல் நிற்காது. அறுந்ததை அப்படியே இழுத்துக்கொண்டு பிரியப் போய், பிய்ந்து, செத்துப்போகும். புற்றுச் செல் மட்டும் செத்தால் நல்லது என்று விடலாம். பக்கத்தில் இருக்கிற நல்ல செல்லும் அப்படியே. மற்றவர்களுக்கு மருந்தாக இருக்கிற அளவு அவர்களுக்கு விஷம்.

அதனால், சந்தேகம் வருகிற நோயாளிகளுக்குக் கதிர் வைப்பதற்கு முன் தோலில் பொட்டளவு எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். மூன்று வாரம் வளர்ப்போம். கொஞ்சம் கதிர் காட்டிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து, செல்கள் எந்த நிலையில் இருக்கின்றனவோ அந்த நிலையிலேயே கண்ணாடித் துண்டில் பிடித்து நிறுத்திச் சாயம் ஏற்றுவோம். பிறகு எண்ண வேண்டும். இருநூறு செல். பச்சைப் புள்ளிகள் ஒன்றாக இருந்தால் அந்தச் செல் நின்றுவிட்டது. இரண்டு முனைக்குப் போயிருந்தால் நிற்கவில்லை. இந்தக் கருவியில் இடது பொத்தான் நின்றவற்றுக்கு, வலது பொத்தான் நிற்காதவற்றுக்கு. நிற்காதவை ஐந்துக்குள் இருந்தால் சரியான ஆள், முழு அளவு கதிர் வைக்கலாம். இருபதைத் தாண்டினால் டாக்டர் கதிர் பக்கமே போகமாட்டார். அறுவை, மாத்திரை என்று வேறு வழி பார்ப்பார்.

கண்ணாடியில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். யாருடையது என்று தெரிந்தால் கண் ஒரு பக்கம் சாயும் என்பதற்காக. அதற்கு மேலும் ஒரு காவல் உண்டு. முதலில் ஒருவர் எண்ணுவார், அவர் முதல் கண். பிறகு அவர் எழுதியதைப் பார்க்காமல் இன்னொருவர் எண்ண வேண்டும், அவர் இரண்டாம் கண். இரண்டு எண்ணிக்கையும் பொருந்தினால்தான் அறிக்கை போகும். சொந்தக்காரருடைய கண்ணாடி என்று தெரிந்துவிட்டால் அந்தப் பச்சை நோட்டில் கையெழுத்துப் போட்டு விலகிக்கொள்ள வேண்டும். இந்த விதிகளை எழுதியதில் எனக்கும் பங்கு உண்டு. நல்ல விதிகள்தான்.

இரண்டாம் கண்ணாக ஒன்பது வருடம் என்னோடு இருந்தவனைச் சோடாபுட்டி என்போம், மூக்குக்கண்ணாடி அவ்வளவு தடிப்பு. நல்ல பிள்ளை. ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் எண்ணினான். அவன் எண்ணியதும் நான் எண்ணியதும் எப்போதும் பொருந்தியதால் அவனுக்கே சலித்துவிட்டது. “அக்கா, உங்க கண்ணு தப்பாது. நான் வேற எதுக்கு இருநூறு தரம் கை வலிக்க அமுக்கிக்கிட்டு?” என்பான். நான் மூன்று எழுதினால் அவன் நான்கு எழுதுவான். நான் நான்கு எழுதினால் ஐந்து, சில நாள் மூன்று. அப்படியே நகல் எடுத்த மாதிரி இருக்கக் கூடாது என்று ஒன்றைக் கூட்டிக் குறைத்து வைப்பான். எனக்குத் தெரியும், கண்டுகொள்ளவில்லை. அவன் மேல் நடவடிக்கை வேண்டாம் அம்மா. வீட்டில் படுக்கையாகக் கிடக்கும் தாயை வைத்துக்கொண்டு திண்டாடுகிறான். என்னை நம்பியதைத் தவிர அவன் ஒரு குற்றமும் செய்யவில்லை.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன்.

என்னைவிட நான்கு வயது மூத்தவள். தலை சின்னதாக இருக்கும். அப்பா அவளை எலுமிச்சை என்று கூப்பிடுவார், அவளும் கோபித்துக்கொள்ளமாட்டாள். எங்கள் இருவருக்கும் முன்னால் பிறந்த ஆண் குழந்தை இன்னும் சின்னத் தலையோடு பிறந்து ஆறு மாதத்தில் போய்விட்டதாம். அக்கா அத்தை மகனையே கட்டிக்கொண்டாள். கல்யாணமான ஐந்தாம் வருடம் அவர் ஒரு விபத்தில் போய்விட்டார். கையில் ஒரே பெண் குழந்தை, அதுவும் இரண்டு விரலால் பிடித்துவிடலாம் போல ஒரு தலையோடு. பொடி என்று நான்தான் பெயர் வைத்தேன். இன்றைக்கும் வீட்டில் அதுதான் பெயர்.

பொடிக்கு மூன்று வயதானபோது அக்கா வெளிநாட்டில் ஒரு தையல் ஆலைக்கு வேலைக்குப் போனாள். “ரெண்டே வருஷம்டி. அப்புறம் வந்து கூட்டிக்கிறேன்” என்று சொல்லித்தான் என்னிடம் விட்டாள். இரண்டு வருடம் பதினாறு வருடமானது. குறையாகச் சொல்லவில்லை, அவளுக்கு அங்கே என்ன கஷ்டமோ. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ளாததற்குப் பொடி காரணம் என்று சிலர் சொன்னார்கள். காரணமாக இருந்தால் என்ன? காலையில் அவளுக்குத் தலை வாரிவிட்டு வேலைக்கு வருவேன். அவள் தலைக்கு எந்தத் தொப்பியும் நிற்காது. உள்ளே துணி வைத்துத் தைத்துக் கொடுப்பேன். காய்ச்சல் வந்தால் என் மடியில்தான் தூங்குவாள், பதினாறு வயது வரை. எனக்கு உடம்புக்கு முடியாமல் போனால் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்துகொள்வாள். இதையெல்லாம் நீங்கள் எழுத வேண்டியதில்லை. நீங்கள் தெரிந்துகொண்டால் போதும்.

அவளுக்குப் பத்தொன்பது வயதில் அக்கா திரும்பி வந்தாள். இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பிடித்தாள். பொடி முதலில் அரை மணி நேரம் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துணி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“சித்தி, அம்மாவுக்குத் தனியா இருக்க ஒரு மாதிரியா இருக்காம். நான் அங்க போய் இருக்கட்டுமா? பக்கத்துலதானே.”

போ என்றேன். அலமாரி மேலிருந்து பையை நானே எடுத்துக் கொடுத்தேன். நல்ல பைதான், சக்கரம் வைத்தது.

மறுநாள் அக்கா வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ வளர்த்ததுல ஒரு குறை சொல்ல முடியாதுடி. இனிமே நான் பாத்துக்கிறேன். உனக்கும் ஓய்வு வேணாமா?” என்றாள். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள். எனக்கு அவள்மேல் கோபம் எதுவும் இல்லை என்பதை எங்கேயாவது ஓர் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் யாராவது வேறு மாதிரி சொல்வார்கள்.

அடுத்த ஆறு மாதத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து வெளிநாட்டுக்கே போவதாக முடிவு செய்தார்கள். அக்காவின் பழைய ஆலையில் பொடிக்கும் இடம் கிடைத்தது. தாளெல்லாம் தயாராகிக்கொண்டிருந்தபோதுதான் அக்காவுக்கு மார்பில் கட்டி. தங்கை வேலை செய்கிற இடம் என்று இங்கேயே வந்தாள். கட்டியை எடுத்தார்கள். மீதி ஏதும் இருக்கக் கூடாது என்று கதிர் வைக்கலாம் என்றார்கள். குணமாகிவிடும், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு ஆகிவிடுகிறது. முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்று அக்கா நாள்கூடக் குறித்துவிட்டாள். கதிர் டாக்டர் கெட்டிக்காரர். அவள் தலையைப் பார்த்தார், செத்துப்போன குழந்தையைப் பற்றி விசாரித்தார், தோல் எடுக்கச் சொல்லிவிட்டார்.

அக்காவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. “என் தோலு உன் கண்ணாடிக்குக் கீழ வருதாமே. சின்ன வயசுல உன்னைக் கிள்ளினதுக்கெல்லாம் பழி வாங்கிடாதடி” என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்த வாரம் வந்தது ஒரே ஒரு தோல். அதனால் மூன்று வாரம் கழித்துக் கண்ணாடி என் மேசைக்கு வந்தபோது யாருடையது என்று நான் ஊகிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பச்சை நோட்டு அந்த ஆணியில்தான் தொங்கியது. எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. என் அக்காவின் உடம்பை இன்னொருவர் கண்ணில் விடுவதா என்று தோன்றியது. அந்த நிமிடம் வரை என் மனதில் அக்கறையைத் தவிர வேறொன்றும் இல்லை.

எண்ணினேன். வலது பொத்தான் வழக்கத்தைவிட நிறையச் சத்தம் போட்டது. நாற்பத்தொன்று. என்மேலேயே சந்தேகப்பட்டு வேறு மூலையிலிருந்து தொடங்கி மறுபடியும் எண்ணினேன். நாற்பத்துமூன்று. போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மூன்றாம் தரம் எண்ணினேன். நாற்பத்தொன்று. இரண்டு வித்தியாசம் இந்த வேலையில் ஒன்றுமே இல்லை. மூன்று எண்ணிக்கையும் சரியானவை. கண்ணில் பிசகு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அதற்காகத்தான் இதை இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

தாளில் 41 என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். 4 எழுதினேன். பேனா அங்கே நின்றது. அந்த ஒரு நிமிடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். பொடி அந்தச் சக்கரப் பையை இழுத்துக்கொண்டு தெருமுனை திரும்பியதை நினைத்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு அந்த 1-ஐ எழுதாமல் பேனாவை மூடினேன். நான் செய்தது அவ்வளவுதான். பொய்யாக ஒரு கோடுகூடப் போடவில்லை, ஒரு கோடு போடாமல் விட்டேன். சோடாபுட்டி வந்தான், என் தாளை ஓரக்கண்ணால் பார்த்தான், 5 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். மறுநாள் அறிக்கை போனது. முழு அளவு கதிர் என்று டாக்டர் எழுதினார்.

இருபத்தைந்து முறை வைப்பதாக இருந்தது. ஒவ்வொரு முறையும் நான் விடுப்புப் போட்டுக்கொண்டு கூடவே போனேன். பொடிக்கு அந்த வாசனையும் அந்த வரிசையும் ஒத்துக்கொள்ளாது, அவளை வரவேண்டாம் என்றுவிட்டேன். எட்டாவது முறையில் தோல் சிவந்தது. எல்லோருக்கும் சிவக்கும். பன்னிரண்டாவது முறையில் உரிந்தது. பதினைந்தில் துணி பட்டாலே ஒட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எண்ணிக்கை நாலுதானே இருக்கு, சிலருக்கு இப்படித் தோல் மெல்லிசா இருக்கும் என்றார். பதினெட்டோடு நிறுத்தினார். அதற்குள் உள்ளே நுரையீரல் வரைக்கும் போய்விட்டிருந்தது.

பிறகு நான்கு மாதம் இருந்தாள். அந்த நான்கு மாதமும் நான் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்திருக்க முடியாது. புண்ணைக் கழுவுவதை நர்சிடம் விடவில்லை. வலியால் அவள் என் கையைக் கடித்த தழும்பு இதோ, இங்கே இருக்கிறது. பொறுத்துக்கொண்டேன். இப்படி ஒரு தங்கச்சி யாருக்குக் கிடைக்கும் என்று தலைமை நர்ஸ் எல்லோர் முன்னாலும் சொன்னார். வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள், இன்னும் மூன்றாம் மாடியில்தான் இருக்கிறார்.

கடைசியில் பேச்சு காற்றாகத்தான் வந்தது. காதை வாயோடு வைத்துக் கேட்க வேண்டும்.

“பொடியை நீயே வெச்சுக்க” என்றாள்.

அந்த முறை அவள் எத்தனை வருடம் என்று சொல்லவில்லை.

பொடி அதே பையோடு திரும்பி வந்தாள். ஒன்றரை வருடம் நாங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் இருந்தோம். வெளிநாட்டுப் பேச்சே எடுக்கவில்லை. அவள் பழைய அறையில் பழைய கட்டிலில்தான் படுத்தாள். முதல் சில வாரம் ராத்திரி அழுதாள். பிறகு நின்றுவிட்டது. பிள்ளைகள் சீக்கிரம் தேறிவிடுவார்கள்.

நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். எப்படி வெளியே வந்தது என்று கேட்டீர்கள். என்னால்தான். மூன்று வாரத்துக்கு முன் சோடாபுட்டிக்கு மாற்றல் வந்து, அவன் இடத்துக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். புதிதாக வருகிறவர்களைப் பழைய கண்ணாடிகளை எண்ண வைப்பது இந்த அறையில் நான் ஏற்படுத்திய பழக்கம். ஐந்துக்குள் இருக்கிற சரியான கண்ணாடிகளாக ஒரு பெட்டி எடுத்துக் கொடுத்து, தாளில் இருக்கிற எண்ணிக்கை அவர்களுக்கும் வருகிறதா என்று பார்ப்போம். வராதவரை வேலைக்குள் விடமாட்டோம். அந்தப் பெட்டியை நானே எடுத்துக் கொடுத்தேன். அக்காவுடைய கண்ணாடி அதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அப்போதே உருவிக் கீழே போட்டு உடைத்திருக்கலாமே என்று உங்கள் குழுத் தலைவர் கேட்டார். வரிசையில் ஓர் இடம் காலியாக இருப்பதை என்னால் பார்க்க முடியாது. அது மட்டும் இல்லை. ஒன்பது வருடம் ஒருத்தன் எண்ணாமலே கையெழுத்துப் போட்டுப் பார்த்துப் பழகியதில், உண்மையாக உட்கார்ந்து எண்ணுகிறவர்கள் இருப்பார்கள் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

அந்தப் பெண் நான்காம் நாள் என் மேசைக்கு வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“மேடம், ஒரு கண்ணாடி மட்டும் எனக்கு வரவே மாட்டேங்குது. உங்களுக்கு நாலு வந்திருக்கு. எனக்கு நாப்பதுக்கு மேல வருது. எங்க தப்பு பண்றேன்னு சொல்லிக்கொடுங்க.”

வெளிச்சத்தைக் குறைத்துப் பார் என்றேன்.

“குறைச்சும் பாத்துட்டேன் மேடம். அஞ்சு தரம் எண்ணிட்டேன். எனக்கு இந்த வேலை வராதோன்னு அழுகையா இருக்கு.”

அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் இருக்கும் என்றேன். அவள் போய் ஆறாம் தரம் எண்ணினாள். பிறகு தன்னைத் திருத்தச் சொல்லித் துறைத் தலைவரிடமே கண்ணாடியைக் கொண்டுபோய்விட்டாள். என்மேல் புகார் சொல்லப் போகவில்லை அம்மா, தன்மேல் புகார் சொல்லத்தான் போனாள். அவளை முதல் கண்ணாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நல்ல கண்.

கொஞ்சம் வெந்நீர் குடியுங்கள். முடியப்போகிறது.

நீங்கள் எழுதியிருப்பதை இங்கிருந்தே படிக்க முடிகிறது, தலைகீழாகப் படிப்பது எனக்குப் பழக்கம். ‘இருபத்தாறு வருடப் பணியில் தவறான அறிக்கை ஒன்று’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். எண்ணிக்கை தவறாக இருந்தால் என்னால் அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போக முடியாது. இரண்டு.

ஏழு வாரத்துக்கு முன் பொடிக்குக் கழுத்தில் கட்டி. கதிர் வைத்தால் கரையக்கூடிய கட்டிதான். அம்மாவுக்கு நேர்ந்ததை மனதில் வைத்து, அம்மாவின் அறிக்கை சரியாக இருந்தாலும் பரவாயில்லை, இவளுக்கும் பார்த்துவிடலாம் என்று அதே டாக்டர் தோல் எடுத்து அனுப்பினார். கண்ணாடி வந்தது. அந்த வாரமும் ஒன்றுதான். எண்ணினேன். நாற்பத்தேழு. இந்த முறை மறுபடியும் எண்ணவில்லை.

47 என்று எழுதியிருந்தால் டாக்டர் அன்றைக்கே அக்காவின் கண்ணாடியைக் கேட்டிருப்பார். மகளுக்கு இப்படி இருக்கும்போது தாய்க்கு எப்படி நான்கு வரும் என்று சின்னக் குழந்தைகூடக் கேட்கும். எண்ணிப் பார்த்திருப்பார்கள். பொடிக்குத் தெரிந்திருக்கும். நினைத்துப் பாருங்கள் அம்மா. அப்பா இல்லை, பெற்ற தாயும் போய்விட்டாள். மிச்சம் இருக்கிற ஒரே ஆளையும் பறிகொடுத்தால் அந்தப் பிள்ளை தாங்குமா? அவள் மனதை நான் அறிவேன், தாங்கமாட்டாள். அதை யோசித்துத்தான் 4 என்று எழுதினேன். போவதற்கு முன் சோடாபுட்டி கடைசியாகக் கையெழுத்துப் போட்டது அந்தத் தாளில்தான். அவன் 3 என்று எழுதினான்.

விசாரணை முடியும் வரை வெளியே பேசக் கூடாது என்று சொல்லியிருப்பதால் அக்காவின் கண்ணாடி பற்றி அந்த டாக்டருக்கு இன்னும் தெரியாது. முழு அளவுதான் வைக்கிறார்கள். நேற்றோடு பதினொன்று. கழுத்தைச் சுற்றித் தோல் போய்விட்டது, உள்ளே தொண்டையும். நான்கு நாளாகக் கெட்டியாக எதுவும் இறங்கவில்லை. பாலை ஆறவைத்து, பாதிக் கரண்டி பாதிக் கரண்டியாகக் கொடுக்கிறேன். ஒரு வாய் இறங்கக் கால் மணி நேரம் ஆகிறது. என் கட்டிலிலேயே படுத்துக்கொள்கிறாள். என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள், நான் புரண்டால் விழித்துவிடுகிறாள். பேச முடியவில்லை, ஏதாவது வேண்டும் என்றால் விரலால் என் கையில் தட்டுவாள், எனக்குப் புரிந்துவிடும். மூன்று வயதில் எப்படி இருந்தாளோ அப்படியே இருக்கிறாள்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? போன் செய்ய வேண்டுமானால் செய்யுங்கள், நான் தடுக்கவில்லை. வெளியே தாழ்வாரத்தில்தான் சிக்னல் கிடைக்கும். இன்றைக்கு அவளுக்கு மூன்றரை மணிக்குக் கதிர் முறை. வேண்டாம் என்று சொல்லிவிடலாம், இனி உங்கள் விருப்பம். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். ஆனால் பேச்சை நீட்டாமல் சீக்கிரம் என்னை அனுப்பிவிடுங்கள். காலையில் இரண்டு கரண்டிதான் இறங்கியது, பசியோடு கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். வேறு யார் கொடுத்தாலும் வாயைத் திறக்கமாட்டாள் அம்மா. என்னை விட்டால் அந்தப் பிள்ளைக்கு யாரும் இல்லை.